கன்னிமார் கிணறும் கடலடி மூச்சும்

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் என்னை மடக்கியபோது, "நமக்கு எதுக்குப்பா எழுத்தெல்லாம், நான் மெக்கானிக்கல்" என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. காதல் கவிதை ஏற்கெனவே பதினோரு பேர் கொடுத்துவிட்டார்களாம். 'நாட்டின் வளர்ச்சியில் இளைஞர் பங்கு' இரண்டு வந்திருக்கிறதாம். "நீ கடலுக்குள்ள போய்ட்டு வந்தியே, அதை எழுது" என்றான் ஒருவன். சரி, எழுதுகிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாதிக் கட்டுரை எங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றியது. மீதி எங்கள் அப்பாவின் இடது காதைப் பற்றியது. படித்துவிட்டு "என்னடா இது, மீன் ஒண்ணையும் காணோம்" என்று சண்டைக்கு வராதீர்கள். மீன் வரும். கொஞ்சம் தாமதமாக வரும்.

அன்னூர்ப் பக்கத்துக் கிணறுகளைப் பார்க்காத நண்பர்களுக்காகச் சில வரிகள். நாலு உறை இறக்கினால் தண்ணீர் வருகிற பூமி இல்லை எங்களுடையது. பாறையை வெடி வைத்து உடைத்து, அறுபதடி, எண்பதடி, நூறடி என்று சதுரமாக வெட்டி இறக்கிய கிணறுகள். ஒரு லாரியை உள்ளே விட்டுத் திருப்பலாம் போல அகலம். அந்தக் காலத்தில் எருது பூட்டிக் கவலை இறைத்தார்கள். பிறகு கரண்டு மோட்டார் வந்தது. மோட்டார் வந்ததும் தண்ணீர் கீழே போனது. ஆள் விட்டு இன்னும் பத்தடி வெட்டினார்கள். அதற்கும் கீழே போனது. அப்புறம் போர் போட்டார்கள். என் பள்ளிக்கூட நாட்களில் பாதிக் கிணறுகள் வெறும் பள்ளம்தான். அவினாசி - அத்திக்கடவுத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டு, பவானியின் உபரித் தண்ணீரைக் குழாயில் ஏற்றி 1045 குளம் குட்டைகளுக்கு விடுகிற ஏற்பாடு வந்த பின், எங்கள் கிணற்றிலும் கொஞ்சம் ஊற்றெடுத்திருக்கிறது. அப்பத்தா இருந்திருந்தால் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்திருப்பார்.

கன்னிமார் யார் என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் கிணற்று மேட்டில், வேப்பமரத்தடியில், ஏழு கல் நட்டு மஞ்சள் பூசி வைத்திருப்பார்கள். அவர்கள்தான் தண்ணீருக்குக் காவல். உச்சி வேளையில் கிணற்றில் இறங்கினால் கன்னிமார் அடித்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. நானும் நம்பியிருக்கிறேன். செமஸ்டர் சமயத்தில் இப்போதும் நம்புகிறேன்.

நான் நீச்சல் கற்றுக்கொண்டது ஏழு வயதில், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு. கற்றுக் கொடுத்தது தாய்மாமன். நீச்சல் கற்றுக் கொடுப்பது என்றால் மேலே இருந்து தூக்கிப் போடுவது என்று பொருள். "மூச்சை இழுத்து அடக்கு, கண்ணை மூடாதே, காலை உதை" - பாடத்திட்டம் அவ்வளவுதான். அப்பா வந்ததில்லை. மற்ற பையன்களின் அப்பாக்கள் எல்லாம் கிணற்று மேட்டில் நின்று சத்தம் போட, எங்கள் அப்பா மட்டும் சாளையில் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டு இருப்பார். அவருக்கு நீச்சல் தெரியாது போல என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். வெளியே சொல்லக் கூச்சமாகக்கூட இருந்தது.

எட்டாவது படிக்கும்போது மாமன்தான் சொன்னார். "உங்கொப்பனுக்கா நீச்சல் தெரியாது? சுத்துப்பட்டு எட்டு ஊருல கெணத்துல எது விழுந்தாலும் அவனைத்தான்டா கூட்டிட்டுப் போவாங்க!"

குடம், உருளி, சங்கிலி, புட்வால்வு, முழுகிப்போன மோட்டார், ஒன்றிரண்டு முறை எடுக்கக்கூடாததையும் எடுத்திருக்கிறார். முங்கினால் எண்ணி நூறு வரைக்கும் தலை தெரியாதாம். மேலே கயிறு பிடிக்கிறவர் மாமன். தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளிக்கவும் சங்கு குளிக்கவும் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள், அவர்களுக்குத் தோணியில் கயிறு பிடிப்பது மச்சான் முறைக்காரராகத்தான் இருப்பார், தங்கையின் தாலி அவர் கையில் இருக்கிறதே, விடுவாரா என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தலைகீழ். கயிறு பிடித்த சேக்காளி பின்னால் மச்சானானார். "இவன் உசிரை இத்தனை தரம் மேல இழுத்திருக்கறேன், தங்கச்சியக் குடுத்தா என்ன" என்று நினைத்தாராம்.

1998 ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் தண்ணீர் ஏறி, எங்கள் கிணற்று மோட்டார் முழுகிவிட்டது. மோட்டாருக்கு மேல் முப்பதடித் தண்ணீர். அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டு முறை முங்கிக் கயிறு கட்ட முடியாமல் வந்தவர், மூன்றாவது முறை போனார். காதுக்குள் கத்தாழை முள்ளை வைத்துக் குத்துகிற மாதிரி வலி. அது எப்போதும் உள்ளதுதான், முக்கிக்கொண்டு போய்விடுவது அவர் வழக்கம். அன்றைக்கு 'டப்' என்று ஒரு சத்தம். வலி போய்விட்டது. "ஜில்லுனு என்னமோ தலைக்குள்ள பூந்துச்சு" என்பார். அடுத்த நொடி கிணறே ரங்கராட்டினம் போலச் சுற்ற ஆரம்பித்தது. எது மேலே, எது கீழே என்று தெரியவில்லை. மேலே போகிறோம் என்று நினைத்துப் பாறையில் முட்டியிருக்கிறார். கை கயிற்றில் பட்டது. இழுத்தார். மாமன் இழுத்தார். மேலே வந்தபோது இடது காதில் ரத்தம். மூன்று நாள் நடக்க முடியாமல் வாந்தி.

நேரம் உச்சிப்பொழுது. அப்பத்தாவுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. கன்னிமார் அடித்துவிட்டது! கிடாய் வெட்டி, பொங்கல் வைத்து, "இனி எம்பையன் உன்ற தண்ணியில எறங்க மாட்டான் தாயே" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பா அதைக் காப்பாற்றினார். கிணற்றில் இறங்குவதை மட்டுமல்ல, கிணற்று மேட்டுக்குப் போவதையே விட்டார். மோட்டார் சுவிட்சைக்கூட அம்மாதான் போடுவார். இடது காது ஒவ்வொரு மழைக்கும் சீழ் பிடித்தது. நாளாவட்டத்தில் அந்தப் பக்கம் பேசினால் கேட்காது. சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் எல்லாரும் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவோம். ஏன் என்று யோசித்ததே இல்லை; வீட்டு வழக்கம் என்று இருந்தோம்.

இனி கடலுக்கு வருவோம்.

என்னோடு ஹாஸ்டலில் இருக்கிற இசிஇ நண்பன் ஒருவனுடைய அக்காவைப் புதுச்சேரியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளை. குளியலறை வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கண்டதில்லை. அவன்தான் "ஸ்கூபா டைவிங் போலாம் வாடா, நீச்சல் தெரியாதவனையே கூட்டிட்டுப் போறாங்களாம்" என்று ஆரம்பித்தான். இன்பிளான்ட் டிரெயினிங்கில் வந்த ஸ்டைபண்டில் பாதியை எடுத்து வைத்தேன். வீட்டில் "புதுச்சேரி சுத்திப் பாக்கப் போறேனுங்க" என்று சொன்னேன். தண்ணீருக்குள் போவதைச் சொல்லவில்லை. சொன்னால் அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லமாட்டார், அன்றைக்குச் சோறு திங்கமாட்டார்.

முதல் நாள் வகுப்பு. ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, இருதயக் கோளாறு உண்டா, காதில் ஆபரேஷன் உண்டா, சளி இருக்கிறதா... 'இல்லை' என்று வரிசையாக டிக் அடித்தேன். பிறகு கருவிகள். நண்பர்களே, இங்கேதான் எனக்குள் இருந்த மெக்கானிக்கல் விழித்துக்கொண்டான். ஸ்கூபா என்பது ஒரு பெயரல்ல. 'செல்ஃப் கன்டெய்ன்ட் அண்டர்வாட்டர் பிரீதிங் அப்பாரட்டஸ்' என்பதன் முதலெழுத்துக்கள். கூடவே காற்றைச் சுமந்துகொண்டு போகிற மூச்சுக் கருவி. அலுமினிய சிலிண்டர் காலியாகவே 14 கிலோ. உள்ளே 11 லிட்டர் இடம். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. பஞ்சர் கடை கம்ப்ரசரில் நாம் பார்ப்பது பத்துப் பார் சுமார்தான், நினைத்துக்கொள்ளுங்கள். பலர் நினைப்பது போல உள்ளே இருப்பது தனி ஆக்சிஜன் அல்ல. நாம் இப்போது இழுத்துக்கொண்டிருக்கிற அதே காற்று, ஈரமும் எண்ணெயும் வடிகட்டி அடைத்தது. பஞ்சர் கடைக் காற்றை இப்படி மூச்சுக்கு விடக்கூடாது. எண்ணெய்ப் புகை ஆளைக் கொன்றுவிடும். நம் ஊரில் 'ஒரு ஓஸ் போட்டு கெணத்துல எறங்கிடலாம்' என்று நினைக்கிற சூரர்கள் இதைக் கவனிக்கவும்.

200 பார் காற்றை வாயில் விட்டால் என்ன ஆகும்? அதற்குத்தான் ரெகுலேட்டர். முதல் கட்டம் சிலிண்டர் தலையில். அது 200-ஐ ஒன்பது பத்துப் பாருக்குக் குறைக்கிறது. இரண்டாம் கட்டம் வாயில்; ஒரு டயஃப்ரம், ஒரு லீவர், ஒரு வால்வு. நாம் மூச்சை இழுத்தால் டயஃப்ரம் உள்வாங்கி லீவரை அழுத்தும், காற்று வரும்; நிறுத்தினால் நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்த கதை நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும். 1943-ல் பிரான்சில் பெட்ரோல் பஞ்சம். கார்களை எரிவாயுவில் ஓட்ட, எஞ்சினுக்குத் தேவையான அளவு மட்டும் வாயு விடுகிற ஒரு வால்வை எமில் கானியான் என்கிற எஞ்சினியர் வடிவமைத்திருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரிடம் போய், "எஞ்சினுக்குப் பதில் மனுசனுக்கு வைத்தால்?" என்று கேட்கிற மாதிரி ஒரு தேவையைச் சொன்னார். காஸ் வண்டி வால்வு கடலுக்குள் போனது! கூஸ்தோ பெயர் உலகத்துக்கே தெரியும். கானியான் பெயர் நமக்காவது தெரியட்டும்.

அடுத்து நீச்சல் குளத்தில் பயிற்சி. என் கதையின் முதல் அவமானம் இங்கே.

நான் கிணற்று நீச்சல்காரன் அல்லவா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன். தலை தண்ணீருக்குள் போனதும் என் உடம்பு தானாகவே ஒரு காரியம் செய்தது: மூச்சை அடக்கியது. வாயில் ரெகுலேட்டர், முதுகில் 200 பார் காற்று, நான் மூச்சடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயிற்சியாளர் என் மாஸ்க்கில் விரலால் தட்டி, மேலே கொண்டுவந்து, "தம்பி, மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க, இதான் மொத ரூல், இதான் கடைசி ரூல்" என்றார். மறுபடி இறங்கினேன். மறுபடி அடக்கினேன். பன்னிரண்டு வருட வழக்கம்! பக்கத்தில் பார்த்தால் நம் திருப்பூர்க்காரன், கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவன், சம்மணம் போட்டு உட்கார்ந்து புஸ் புஸ்ஸென்று குமிழி விட்டுக்கொண்டிருக்கிறான்.

மூச்சடக்கினால் என்ன தப்பு என்று மேலே வந்து கேட்டேன். பயிற்சியாளர் ஒரு கேள்வி கேட்டார்: "பாயில்ஸ் லா படிச்சிருக்கீங்களா?" படித்திருக்கிறோமே! 1662. அழுத்தம் இரட்டித்தால் கொள்ளளவு பாதி. பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். ஆனால் அது என் நெஞ்சுக்குள் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கிணற்றில் முங்குகிறவன் மேலே இருந்து ஆறு லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு போகிறான். பத்து மீட்டரில் அது மூன்று லிட்டராகச் சுருங்கும். மேலே வந்தால் பழைய ஆறு. ஆபத்தில்லை. ஸ்கூபாவில் பத்து மீட்டர் ஆழத்திலேயே ஆறு லிட்டர் இழுக்கிறோம். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் பன்னிரண்டு லிட்டராக விரியப் பார்க்கும். நெஞ்சில் இடம் ஏது? நுரையீரல் கிழிந்துவிடும். கிணறு எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இங்கே உயிருக்கு உலை.

இரண்டாவது பாடம் காது. "ஒவ்வொரு ரெண்டு மூணு அடிக்கும் மூக்கைப் பிடிச்சு, வாயை மூடி, மெதுவா ஊதணும். வலி வர்றதுக்கு முன்னாடியே செய்யணும். வலி வந்தா நிக்கணும். முக்கிப் போகக் கூடாது" என்றார். அவ்வளவுதான் பாடம். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. மூக்கைப் பிடித்து ஊதினேன். இரண்டு காதிலும் 'பளக்' என்று ஒரு சின்னச் சத்தம். இந்த வித்தையை இத்தாலியின் வல்சால்வா என்கிற உடற்கூறு மருத்துவர் 1704-ல் காதைப் பற்றிய புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறாராம். நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு சின்னக் குழல் இருக்கிறது. ஊதினால் அது திறந்து, உள்ளே காற்று போய், வெளித் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகிவிடும்.

குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே நான் மனக்கணக்குப் போட்டேன். ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் முதல் நாள் போட்ட பி ஈக்வல் டு டபிள்யூ எச். ஒன்பது மீட்டர், அதாவது முப்பதடி. 9.81 பெருக்கல் 9. சதுர மீட்டருக்கு 88 கிலோ நியூட்டன். செவிப்பறையின் பரப்பு கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது, அரைச் சதுர சென்டிமீட்டர் சுமாருக்கு. கனம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தோலின் மேல் கிட்டத்தட்ட அரைக்கிலோ எடை. உள்ளே முட்டுக் கொடுக்க ஒன்றுமில்லை.

'டப்' என்ற சத்தம் என் காதில் கேட்டது போல இருந்தது.

மறுநாள் விடியற்காலை தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து படகு. கரை மறைய மறைய அலை எடுத்து ஆட்டியது. நம் நண்பன் காலை இட்லியைக் கடலுக்கே கொடுத்துவிட்டான். எனக்கு வாந்தி வரவில்லை, ஆனால் கை நடுங்கியது. படகு நின்ற இடத்தில் அடியில் செயற்கைப் பாறைத்திட்டு. கான்கிரீட்டும் இரும்பும் இறக்கி மீன்களுக்குக் குடியிருப்புக் கட்டியிருக்கிறார்கள். எங்களைப் போல முதல் முறை வருகிறவர்களுக்கு 12 மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. ஓர் ஆளுக்கு ஒரு பயிற்சியாளர், பின்னாலேயே சிலிண்டரைப் பிடித்தபடி.

படகு விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாக விழ வேண்டும். விழுந்தேன். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். இரண்டு மீட்டர்தான் போயிருப்பேன். பயிற்சியாளர் விரலை வட்டமாக்கி 'சரியா?' என்று கேட்டார். நான் உற்சாகத்தில், ரஜினி படத்துக்கு இடைவேளையில் காட்டுகிற மாதிரி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். தண்ணீருக்குள் கட்டைவிரல் உயர்த்தினால் 'என்னை மேலே கொண்டுபோ' என்று அர்த்தம்! அவர் மறுபேச்சில்லாமல் என்னை மேலே கொண்டுவந்துவிட்டார். "என்னாச்சு தம்பி?" "நல்லாருக்குன்னு சொன்னேனுங்ணா..." படகில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு கரைக்குக் கேட்டிருக்கும்.

மறுபடி இறங்கினோம். மூன்று மீட்டர். மூக்கைப் பிடித்து ஊதினேன். வலது காது பளக் என்றது. இடது காது சும்மா இருந்தது. மறுபடி ஊதினேன். சும்மா இருந்தது. நான்கு மீட்டர். இடது காதுக்குள் வலி ஆரம்பித்தது. சரியாக, கத்தாழை முள் வைத்துக் குத்துகிற மாதிரி. வேறு உவமை எனக்குத் தோன்றவேயில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குள் எழுந்த முதல் எண்ணம், 'முக்கிப் போயிரலாம்' என்பதுதான். ஸ்டைபண்டில் பாதி போயிருக்கிறது. கீழே நண்பன் ஏற்கெனவே போய்விட்டான். ஒருமுறை மேலே போய்ச் சிரிப்பாய்ச் சிரித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு மீட்டர்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் ஆச்சு. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டு எண்ணம். முதல் முறை, இரண்டாம் முறை கயிறு கட்ட முடியாமல் வந்தவர் மூன்றாம் முறை போனாரே, அவருக்கு வந்த எண்ணம். கிணற்று மேட்டில் நாலு பேர் நின்றிருப்பார்கள்.

கையைத் தட்டையாக விரித்து, இப்படியும் அப்படியும் ஆட்டினேன். 'ஏதோ சரியில்லை.' பிறகு காதைத் தொட்டுக் காட்டினேன். பயிற்சியாளர் கோபப்படவில்லை, அவசரப்படவில்லை. ஒரு மீட்டர் மேலே கொண்டுவந்து நிறுத்தினார். இடது தோளைத் தாழ்த்தாமல், தலையை வலப்பக்கம் சாய்த்து, எச்சிலை விழுங்கி, மெதுவாக ஊதச் சொல்லிச் சைகை காட்டினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு இடது காதில் கீச் என்று ஒரு சத்தம், கதவு திறக்கிற மாதிரி. வலி போய்விட்டது. இந்த வலி உடைந்து போன வலி இல்லை. திறந்து போன வலி.

அதற்குப் பின் எல்லாம் எளிது. வாக்களித்தபடி இதோ மீன்: சாம்பல் வெளிச்சத்தில் முதலில் நிழல் போலத் தெரிந்தது. பிறகு பார்த்தால் மஞ்சள் கோடு போட்ட செப்பிலிக் கூட்டம், நூறா இருநூறா, எங்களைச் சட்டையே செய்யாமல் மார்க்கெட் சனம் போல விலகி விலகிப் போயிற்று. கான்கிரீட் சந்துக்குள் ஒரு களவா மீன், வாத்தியார் போல வாயைத் திறந்து மூடிக்கொண்டு எங்களையே பார்த்தது. தண்ணீர் கண்ணாடி போல எல்லாம் இல்லை, கொஞ்சம் நீர்மோர் கலந்த மாதிரிதான். கைமணிக்கட்டைப் பார்த்தேன். அம்மா கன்னிமார் கோயிலில் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு கறுத்துப் போயிருந்தது. முதலில் திக்கென்றது. அப்புறம் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. சூரிய வெளிச்சத்தில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கும். மேலே வர வர அது மறுபடி சிவப்பானது.

அதிகபட்ச ஆழம் 8 மீட்டர் சொச்சம். தண்ணீருக்குள் இருபத்து நாலு நிமிடம். கணக்குப்படி 2200 லிட்டர் காற்று, எட்டு மீட்டரில் நிதானமாக மூச்சு விடுகிறவருக்கு ஒரு மணி நேரம் வரவேண்டும். நான் அவசரக்காரன், பாதியிலேயே முள் கீழே வந்துவிட்டது. நண்பன் என்னைவிட ஐந்து நிமிடம் அதிகம் இருந்தான். அதை இன்றுவரை தினமும் ஒருமுறை சொல்கிறான்.

திரும்பும்போது படகில் பயிற்சியாளரிடம் அப்பா கதையைச் சொன்னேன். 'டப்' சத்தம், வலி போனது, ஜில்லென்று, ரங்கராட்டினம். அவர் நான் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை. "செவிப்பறை கிழிஞ்சிருக்கு தம்பி. கிழிஞ்ச வழியா குளுந்த தண்ணி உள்காதுகிட்ட போச்சுன்னா தலை சுத்தும். மேல கீழ தெரியாது. கொஞ்ச நேரத்துல தண்ணி உடம்புச் சூட்டுக்கு வந்ததும் நிக்கும். அதுவரைக்கும் எதையாச்சும் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். உங்கப்பா கயிறைப் பிடிச்சாரே, அதான் பொழைச்சாரு" என்றார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்குப் போய் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பொழுதோட, அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் போய் உட்கார்ந்து ஆரம்பித்தேன். கடலுக்குள் போனதைச் சொன்னதும் முகம் மாறியது. "அதுக்கில்லீங்கப்பா, முழுசாக் கேளுங்க" என்று குளத்துப் பாடம், பாயில், வல்சால்வா, அரைக்கிலோ எடை எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் பயிற்சியாளர் சொன்னதையும் சொன்னேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப கன்னிமாரு ஒண்ணும் பண்ணலையா?"

"இல்லீங்கப்பா."

"இருவத்தேழு வருசமாச்சு சாமி. எங்க தப்புப் பண்ணுனம்னு தெரியாமயே அந்தப் பக்கம் போகாம இருந்தனே..."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூக்கைப் பிடிக்கிற வித்தை எப்படி என்று கேட்டார். காட்டினேன். மெதுவாக, மெதுவாக என்றேன். அவர் விரலால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி ஊதினார். அவரது இடது காதிலிருந்து 'உஸ்ஸ்' என்று சைக்கிள் டியூப்பில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அப்பா காதில் விரலை வைத்துப் பார்த்தார். மறுபடி ஊதினார். "ஏங் கண்ணு, இங்க காத்து வருதுடா!" என்றார். ஓட்டை டியூப்பைத் தண்ணீரில் முக்கிக் கண்டுபிடித்த பையன் மாதிரி முகம்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மாமனும் வந்தார். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ஓட்டை பெரிதாகத்தான் இருக்கிறது, முதலில் சீழ் காயட்டும், பிறகு காதுக்கு மேல் இருக்கிற தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுப் போடலாம், கேட்பது எவ்வளவு திரும்பும் என்பது பரிசோதனைக்குப் பிறகுதான் தெரியும், அதுவரை காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றார். அப்பா வலது காதை அவர் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஒட்டுப் போட்டாச்சுன்னா மறுக்கா முங்கலாமுங்களா?" என்றார்.

டாக்டர் பதில் சொல்வதற்குள் அம்மா சொல்லிவிட்டார். மாமன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.